நடுவில் ஓட்டை வைத்த மெத்தை

பாசமுள்ள சித்திக்கு, உங்கள் அக்கா மகள் நின்றுகொண்டே எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே நீங்களும் உங்கள் ஆஸ்பத்திரி நோயாளிகளும் நலம்தானே?

முதலில் என் கண்ணில் பட்டது, கடையில் என் தையல் நாற்காலியில் ஒரு பொத்தான் அளவு ஈரம். எண்ணெய்க் கசிவு என்று மெஷினைத் துடைத்தேன். மறுநாளும் ஈரம். அப்புறம்தான் முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் கட்டி இருப்பது தெரிந்து, உங்களுக்கு எழுதினேன். உதிர்ந்த முடி தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும், அதைச் சுற்றிப் பை கட்டிச் சீழ் பிடிக்கும், நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வரக்கூடியதுதான், அழுக்கால் வருவதில்லை, பிதுக்காதே, வெந்நீரில் உட்கார், டாக்டரிடம் காட்டு, கீறிச் சீழை எடுத்துவிடுவார்கள் என்று பதில் போட்டீர்கள். 'காட்டு' என்ற சொல் வந்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன்.

பிதுக்கவில்லை. தொட்டியில் வெந்நீர் வைத்தேன். நான் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வருவதற்குள் அப்பா அந்தத் தொட்டியில் சட்டையை ஊறப்போட்டுவிட்டு, "என் பொண்ணு கேக்காமலே வெந்நீர் போடுறா பாரு" என்று பூரித்துப்போகிறார். மூன்று நாளாக அவருடைய சட்டைகள்தான் குணமாகின்றன. நின்றுகொண்டு சாப்பிட்டால் அம்மா, "ஏண்டி, ரயிலு கிளம்பிடுமா?" என்கிறாள். கடையிலோ இதைவிட மோசம். வெட்டுத் துணியில் எனக்கென்று ஒரு மெத்தை தைத்து, வலிக்கிற இடம் படாமல் நடுவில் ஓட்டை வைத்தேன். முதலாளியம்மா அதைத் தூக்கிப் பார்த்து, "ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துட்டு என்னம்மா டிசைன் போட்டிருக்கே!" என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார். வந்த ஒரு ஆபீஸ்காரர் முப்பது வேண்டும் என்றார். "இந்த ஓட்டை எதுக்கு?" என்று கேட்டதற்கு, "காத்து போக" என்றேன். இப்போது அந்த முப்பதையும் நான் உட்கார்ந்துதான் தைக்க வேண்டும். ஐந்து முடிந்தது. கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது, நேற்றிலிருந்து காய்ச்சலும் அடிக்கிறது.

அதனால் சித்தி, யாரிடமும் காட்டாமல் குணமாகிற மருந்து ஏதாவது இருந்தால் தபாலில் அனுப்புங்கள். அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், குட்டிப் பாப்பாவுக்கு முத்தம். உங்கள் வீட்டில் எல்லோரும் வலியில்லாமல் உட்கார்ந்து எழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகள் மாதிரி

பி.கு.: உறையைத் தேடும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "என்னடி செய்யுது?" என்றாள். கடிதத்தையே நீட்டினேன். முழுதும் படித்தாள்.

"அடி கூறுகெட்டவளே, உன் சித்திக்கும் இதே இடத்துல இதே கட்டிதாண்டி! ஒரு மாசம் நின்னுக்கிட்டே இருந்தா, பரீட்சைக்குப் படிக்கிறான்னு நினைச்சோம். நான்தான் கூட்டிட்டுப் போனேன். யாருக்கும் சொல்லாதேன்னு சத்தியம் வேற வாங்கினா. இத்தனை வருஷம் சொன்னேனா?"

மருந்து அனுப்ப வேண்டாம், சித்தி. அம்மா அப்போதே செருப்பைப் போட்டுவிட்டாள், இதை டாக்டர் வாசலில் எழுதுகிறேன். போகிற வழியில் கடையில் ஏறி, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து என் மெத்தையை எடுத்துக்கொண்டேன்.