வெடிப்பரின் சிவப்புக் கோடு

திருகோணமலைத் துறைமுகம் ஏன் இவ்வளவு ஆழம் என்று தெரிந்த ஒரே மனிதர் எங்கள் வெடிப்பர்தான். மற்ற எல்லோரும் அதில் கப்பல் விட்டார்கள், மீன் பிடித்தார்கள், அவ்வளவே.

அறுபதுகளில் எங்கள் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியவர் அவர். சொந்தப் பெயரைச் சம்பள நாளில் மட்டும் கேட்போம்; சுவர் வெடிப்புகளைத் தேடித் திரிந்ததால் மற்ற நாளெல்லாம் வெடிப்பர்தான். "நிலம் இழுபட்டுப் பிளந்த இடம் தம்பி இது. கன்னியா வெந்நீர்க் கிணறும் துறைமுகமும் ஒரே பிளவிலைதான் கிடக்கு. பிளவு செத்துப்போச்சோ, உயிரோடை கிடக்கோ? உயிரோடை எண்டால் ஒருநாள் பூமி குலுங்கும்" என்பார்.

அதைக் கண்டுபிடிக்க வழியும் வைத்திருந்தார். ஊரில் எந்தச் சுவரில் வெடிப்பைக் கண்டாலும் குறுக்கே கடதாசித் துண்டு ஒட்டித் திகதி எழுதுவார். துண்டு கிழிந்தால் நிலம் அசைகிறது, வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. தபாற்கந்தோர், பள்ளிவாசல் மதில், கோயில் மடைப்பள்ளி, ஒன்றையும் மனிதர் விடவில்லை.

நான் உப்புவெளியில் வீடு கட்டி முடித்த வாரம், புள்ளிகளை எல்லாம் இணைத்துக் கோடு கீறினார். கோடு நேரே என் குசினிக்குள், அடுப்படிக்கே போனது. அங்கே புதுச்சுவர் வெடிப்பில் அவர் ஒட்டிய துண்டும் கிழிந்து கிடந்தது.

கிளிவெட்டியில் தாய்வீட்டில் இருந்த மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிவர மூதூர் லாஞ்சிப் படகில் ஏறினேன். செய்தி எனக்கு முன்னமே போய்விட்டது.

"பிள்ளையைக் கொண்டு அந்த வீட்டுக்குள்ளை வர என்னாலை ஏலாது. அந்த வெடிப்பரே வந்து பயமில்லை எண்டு சொல்லட்டும், பாப்பம்."

திரும்பி வந்த வேகத்தில் வெடிப்பரைக் குசினிக்கு இழுத்து வந்தேன்.

"அண்ணை, உங்கடை கோட்டாலை என்ரை மனுசி வரமாட்டன் எண்டுறா. வடிவாப் பாருங்கோ!"

பார்த்தார். கிழிந்த துண்டின் ஓரத்தில் ஒரு கரப்பொத்தான் ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"பசை என்னத்திலை காய்ச்சினியள்?" என்று கேட்டேன்.

"கோதுமை மா. நல்லா ஒட்டட்டும் எண்டு கொஞ்சம் சீனியும் போட்டனான்."

வரைபடத்தை விரித்தோம். சிவப்புப் புள்ளி அத்தனையும் குசினி, தேத்தண்ணிக் கடை, மடைப்பள்ளி! துறைமுகத்துப் பாறையில் ஒட்டிய துண்டு ஒன்றும் கிழியவில்லை. வேறொருவர் என்றால் மழுப்பியிருப்பார். வெடிப்பர் சவர பிளேட்டை எடுத்து, இரண்டு வருட உழைப்பை அங்கேயே சுரண்டி அழித்தார்.

அன்றே சீமெந்து குழைத்து, வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பதித்தார். "இதை எந்தப் பூச்சியும் தின்னாது. நிலம் அசைஞ்சால்தான் உடையும்."

ஆறு மாதம், ஒருநாள் தவறாமல், கந்தோருக்குப் போகுமுன் வந்து பார்த்தார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை. பிறகு தானே கிளிவெட்டிக்குப் போய் மனைவியிடம் சொன்னார்: "பிள்ளை, பயப்பிடாமல் வாங்கோ. பிழை சுவர் கட்டின மேசனிலை, பூமியிலை இல்லை."

வெடிப்பர் இப்போது இல்லை. வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியில் தூரிகை படாமல் பார்த்துக்கொண்டு மனைவி பக்கத்திலேயே நிற்பாள். காலையில் அதை ஒருதரம் பார்க்காமல் எனக்குத் தேத்தண்ணி இறங்காது.