எல்லாப் பக்கங்களுக்கும் ஓர் அறிவிப்பு

என் கையில் அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒரகடம் ஒரே நாளில் தெரிந்துகொண்டது.

கார் சீட் தயாரிக்கும் கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. ஷிப்ட் நேரம், பஸ் ரூட், கேன்டீன் மெனு எல்லாம் எங்கள் கம்பெனியின் உள் இணையதளமான விக்கியில் இருக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தப் போகிறவர்களுக்கு மேலே ஓர் அறிவிப்பு தெரியும். அதை எழுதவும் பக்கங்களைப் பூட்டவும் உரிமை ஐ.டி. முரளி சாருக்கு மட்டும்தான். அவர் எனக்கும் அதைக் கொடுத்துவிட்டுத் திருப்பதிக்குக் கிளம்பினார். நான் கலெக்டரே ஆகிவிட்டதுபோல் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன்.

கேன்டீன் பக்கத்தில் யாரோ தினமும் உப்புமாவை அழித்துவிட்டுப் பிரியாணி என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். (கேன்டீன்காரர் அழாத குறை.) ‘எதையும் மாற்றாதீர்கள். எஸ்தரைக் கேட்கவும்’ என்று என் பெயரைப் போட்டு அறிவிப்பு எழுதி, அனுமதி பெற்றவர் மட்டுமே திருத்தலாம் என்று பூட்டும் போட்டேன். ஒரு பக்கத்துக்குப் போட வேண்டியதை எல்லாப் பக்கங்களுக்கும் போட்டுவிட்டேன். பதறிப்போய்ச் சரிசெய்கிறேன் என்று, உரிமை உள்ளவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரையே நீக்கித் தொலைத்தேன். முரளி சார் போன் சுவிட்ச் ஆஃப்.

மதியத்துக்குள் என் மேஜையைச் சுற்றிக் கூட்டம்.

“இன்னா மேடம், என் லீவை மாத்த உங்களக் கேக்கணுமாமே?”

“சிஸ்டர், ஓ.டி. நேரம் தப்பா கீது. நீங்கதான் வுடணுமாம்.”

கடைசியாக டிரான்ஸ்போர்ட் அண்ணன் வந்தார். “தண்டலம் பஸ் இன்னிக்குப் பின் கேட்லேந்து கிளம்புது. விக்கில மாத்த முடியலம்மா. எல்லாரும் முன் கேட்ல நின்னுகினு இருப்பாங்க.”

வேறு வழியில்லை. ஷிப்ட் முடியும்போது முன் கேட்டில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, “தண்டலம் பஸ் பின் கேட்டு! பின் கேட்டு!” என்று கத்தினேன். கோயம்பேடு பஸ் ஸ்டாண்டில் கூவுகிறவர்கள் தோற்றார்கள். ஒருவரும் பஸ்ஸைத் தவறவிடவில்லை. என் தொண்டைதான் போயிற்று.

வெல்டிங் லைன் ஜோசப் எதிரே வந்து நின்றார். “மேடம், உங்களக் கேக்கணும்னு போட்டிருக்கு.”

“இன்னா கேக்கணும்? சீக்கிரம் கேளுங்க!”

“டீ சாப்ட்டீங்களா?”

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை சிரிப்பாக வந்தது.

மறுநாள் மொட்டைத் தலையோடு வந்த முரளி சார் எல்லாவற்றையும் சரிசெய்தார்.

அடுத்த வருஷம் சர்ச்சில் எனக்கும் ஜோசப்புக்கும் கல்யாணம். இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று போதகர் கேட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெல்டிங் லைன் பட்டாளத்திலிருந்து ஒரு குரல்: “பொண்ணு பெர்மிஷன் குட்துச்சா, ஐயா?”

போதகரே சிரித்துவிட்டார். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் மாமியார் அந்தக் கல்யாண வீடியோவைப் போட்டுவிடுவார். அந்த இடம் வந்ததும் என் மகள் ரிமோட்டைப் பிடுங்கி, மறுபடி மறுபடி ஓட்டுவாள்.