மிச்சம் ஆறு நிமிசம்

கல்முனைக் கரையோரத்தில், ஊருக்கே அண்ணனான சரிபாதிக் காக்காவைப் போல நியாயம் பார்த்த மனிதன் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப் போவதுமில்லை. உலகக் கிண்ணத்தை நடத்துகிறவர்கள் ஒரு தடவை சாய்ந்தமருதுக்கு வந்து அவரிடம் கேட்டிருந்தால், மேலதிக நேரச் சட்டம் முழுவதையும் ஒரே இருப்பில் திருத்திக் கொடுத்திருப்பார். அவர்கள் வரவில்லை. நட்டம் அவர்களுக்குத்தான்.

தொழில் தையல். கடற்கரை வீதியில் ஒற்றைக் கதவுக் கடை. கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். பின்னேர அஸர் தொழுகை முடிந்தால் நாடாவோடு ஒரு விசிலும் சேர்ந்து தொங்கும், ஏனென்றால் எங்கள் கடற்கரை மைதானத்தில் நடந்த உதைபந்தாட்டம் அத்தனைக்கும் அவர்தான் மத்தியஸ்தர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை வாக்காளர் இடாப்பில் கண்டவர்கள் உண்டு, வாயால் சொன்னவர்கள் இல்லை. பெருநாளன்று இரண்டு மருமகன்மாருக்கும் வட்டிலப்பத்தை நாடாவால் அளந்து வெட்டினாராம், அன்றைக்கு விழுந்த பெயர்தான் இது என்று ஊரில் ஒரு கதை. அவருடைய மனைவியிடம் கேட்டேன். "சும்மா பொய். நாடால அளக்கல்ல, அடிமட்டத்தால அளந்தாரு" என்றா.

போட்டி தொடங்க முன் இரண்டு கோல் கம்பங்களையும் நாடாவால் அளப்பார். ஒரு நாள் றோட்டுப் பக்கக் கோல் இரண்டு அங்குலம் அகலம் கூடிவிட்டது. கம்பத்தைப் பிடுங்கித் திரும்ப நடுமட்டும் ஒரு மணித்தியாலம் ஆட்டம் இல்லை.

"ரெண்டு இஞ்சிதானே காக்கா, பாதியில பக்கம் மாறத்தானே போறம்" என்றேன்.

"மாறுவீங்க. மாறின பொறகு மழை வந்து மெச் நிண்டா? முதல் பாதிக்காரனுக்கு ரெண்டு இஞ்சி லாபம். அத ஆரு திருப்பிக் குடுக்கிற? நீ குடுப்பியா?"

நான் எங்கிருந்து கொடுக்க. போய்க் கம்பம் நட மண் அள்ளினேன்.

எங்கள் ஊரின் மேலதிக நேரத்தைப் பற்றி வெளியூர்க்காரருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிய ஊர்களில் முப்பது நிமிடம் கொடுக்கிறார்கள். எங்களுக்குப் பத்தும் பத்தும் இருபது, அதுவும் அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும்தான். மைதானத்தில் வெளிச்சம் கிடையாது. அஸருக்குப் பிறகு தொடங்கிய ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்கு வரும்போதே சூரியன் இறங்கத் தொடங்கிவிடும். பாங்கு கேட்டால் விசில். அதற்குப் பிறகு காசு சுண்டி வெற்றி தோல்வி. ஒரு முறை பெரிய பள்ளியின் பாங்குக்கும் கடற்கரைப் பள்ளியின் பாங்குக்கும் இடையில் ஒரு கோல் விழுந்துவிட்டது. அடித்தவன் கடற்கரைப் பள்ளி முன்னால் குடியிருப்பவன், விட்டவன் பெரிய பள்ளிக்குப் பின்னால். மைதானம் இரண்டு பட்டது. காக்கா அடுத்த நாள் இரண்டு பள்ளிக்கும் நடந்து போய், பாங்கு சொல்லும் முஅத்தின்மார் இருவரையும் ஒரே கதிரை வரிசையில் உட்கார வைத்து, மணிக்கூட்டைச் சரி பண்ணிவிட்டு வந்தார்.

காரைதீவுக்கு ஒரு போட்டி நடத்தப் போனவர், பின்னேரப் பூசைக்குக் கோயில் மணி கேட்டதும் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

"ஐயா, இது எங்களுக்கு ஒண்டும் இல்ல, நீங்க நடத்துங்க" என்று கெஞ்சினார்கள் காரைதீவுப் பொடியன்மார்.

"அது சரிவராது தம்பி. அங்க பாங்குக்கு நிப்பாட்டினா இஞ்ச மணிக்கும் நிப்பாட்டோணும். ஒரு ஊருக்கு ஒரு சட்டமா?"

தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு அப்போதுதான் பந்து காலில் வந்திருந்தது. அன்றைக்கு அவருடைய சைக்கிளில் காற்றுப் போனது எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை.

மேலதிக நேரத்தில் முதல் கோல் அடித்தவுடன் ஆட்டம் முடிகிற சட்டம் ஒன்று முந்தி இருந்ததே, அதை நினைத்தாலே அவருக்கு இரத்தம் கொதிக்கும். கடைக்கு வந்த யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் தையல் நிற்கும், ஊசி உதட்டில் ஏறும். "சஹன்ல ரெண்டு பேர் இருந்து சோறு திங்கக்குள்ள, ஒருத்தன் வயிறு நிறைஞ்சொடன சஹனத் தூக்கிருவியா? மத்தவன்ட கை இன்னும் சோத்துக்குள்ள கிடக்கு. அவன்ட முறை எங்க?" என்பார். பெனால்டியிலும் அவருக்கு வழக்கு இருந்தது. முதலில் உதைக்கிறவன் வெறுங்கையோடு போகிறானாம், இரண்டாவது உதைக்கிறவன் முதலாமவனின் கோலையும் நெஞ்சில் சுமந்துகொண்டு போகிறானாம். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் உதைக்கும் அணியை மாற்றி விட வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. நாங்கள் சிரிப்போம். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான், மனிசன் சொன்னதில் பிழை எங்கே என்று தேடிக் களைப்போம்.

இனி அந்த இறுதிப் போட்டி. எங்கள் சாய்ந்தமருது அணிக்கும் மருதமுனைக்கும். கோல் காப்பாளன் நான். தலைவன் சப்ரான். நாலு தரம் இறுதிப் போட்டிக்கு வந்து நாலு தரமும் தோற்றவன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவனை விமான நிலையத்துக்கு ஏற்ற வேன் வருகிறது, கட்டாருக்கு வேலைக்குப் போக. இருபத்தொன்பது வயது. போய் ஒப்பந்தம் முடித்துத் திரும்பும்போது கால் இருக்கும், ஓட்டம் இருக்காது. அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கப்பை ஒரு தரம் கையில் தூக்கிவிட்டுப் போக வேண்டும் என்பதைத் தவிர அவன் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒன்றுக்கு ஒன்றில் ஆட்டம் முடிந்து மேலதிக நேரம். அது கச்சான் காற்றுக் காலம். மேற்கே இருந்து மண்ணை வாரிக்கொண்டு கடலைப் பார்த்து வீசும். முதல் பத்து நிமிடம் அந்தக் காற்று மருதமுனைக்கு. கண்ணில் சூரியனும் மண்ணும் அடிக்க, நான் எத்தனை பந்தைப் பிடித்தேன், எத்தனை பந்து என்னில் பட்டுத் தானாகப் போனது என்று எனக்கே தெரியாது. எப்படியோ கோல் விழவில்லை. பக்கம் மாறினோம். இப்போது காற்று எங்களுக்கு. சப்ரான் இரண்டு தரம் கோலுக்குக் கிட்டப் போய்விட்டான். நாலாவது நிமிடம், பாங்கு.

சுற்றுப்போட்டிக் குழுத் தலைவர் காசோடு மைதானத்துக்குள் வந்தார். "சுண்டுங்க காக்கா, தொழுகைக்கு நேரமாச்சு."

காக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். "அவங்களுக்குப் பத்து நிமிசம் காத்து. இவங்களுக்கு நாலு. மிச்சம் ஆறு நிமிசம் கிடக்கு. அது போகட்டும், பொறகு சுண்டுறன்."

"இருட்டில எப்படிக் காக்கா?"

"இண்டைக்கு ஆரு சொன்ன? நாளைக்கு."

தலைவர் நீட்டிய காசை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆறு நிமிட ஆட்டம் பார்க்க இரண்டு ஊரும் திரண்டது. உலகத்தில் வேறெங்கும் ஆறு நிமிடத்துக்கு அவ்வளவு சனம் கூடியிருக்காது. காற்றும் வந்தது, ஆனால் கடலில் இருந்து. அதாவது எங்கள் முகத்துக்கு நேரே. காக்கா கடையில் விழுந்த வெட்டுத்துணி ஒன்றைக் கொடிக் கம்பத்தில் கட்டினார். அது றோட்டைப் பார்த்துப் பறந்தது. "இந்தக் காத்தில விட்டா இவங்களுக்கு ரெண்டு தரம் அநியாயம்" என்று சனத்தைத் திருப்பி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை வெட்டுத்துணி அசையவே இல்லை. புதன்கிழமையும் அப்படித்தான். கச்சான் கடலை விற்றவர் மூன்று நாளும் சாக்கை உதறி மடித்துக்கொண்டு சந்தோசமாகப் போனார். கடலை வந்தது, காற்று வரவில்லை.

புதன் பின்னேரம் சப்ரானின் உம்மா தையல் கடைக்குப் போய் வாசலில் நின்றா. நான் உள்ளே இருந்தேன்.

"தம்பி, புள்ள நாளைக்குப் போறான். அந்த ஆறு நிமிசத்த அவனுக்குக் குடுங்களேன்."

"நான் வெச்சிக்கிட்டா இல்லண்டுறன், ராத்தா? காத்து வரோணுமே."

"காத்து அல்லாஹ்ட. நிமிசம் உங்கட கையிலதானே."

காக்கா மிசினில் காலை வைத்தவர் மிதிக்காமல் இருந்தார். அவ போய்க் கனநேரமாகியும் அப்படியே இருந்தார்.

வியாழன் விடியச் சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு இறங்கும்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. "பொடியன்மாரக் கூப்பிடு மனே. மருதமுனைக்கு நேத்தே சைக்கிள்ள போய்ச் சொல்லிட்டு வந்திட்டன்."

"காத்து இல்லியே காக்கா."

"காத்து நாளைக்கும் வரும். சப்ரான் வரமாட்டான்."

மருதமுனைக்காரர் நித்திரைக் கண்ணோடு வந்தார்கள், இரண்டு பேர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு. ஒருத்தனும் முகம் சுளிக்கவில்லை. அதை நான் இன்றைக்கும் நன்றியோடு சொல்வேன். வேன் ஒன்பது மணிக்கு என்றாலும் சாரதி அவசரப்பட்டு ஏழு மணிக்கே வந்து, பெட்டிகளையும் சப்ரானின் கூடப்பிறந்த ராத்தாவையும் ஏற்றிக்கொண்டு மைதான ஓரத்தில் நின்றான். ராத்தா வேன் ஜன்னலுக்குள்ளால் போனில் படம் எடுத்தா. தம்பி கட்டாரில் வைத்துப் பார்க்கட்டும் என்று.

விசில். காற்று இல்லை, சனம் இல்லை, அலைச் சத்தம் மட்டும். எங்கள் ஆட்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள், பின்னால் நான் தனியே. சப்ரான் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒன்றை அவர்களுடைய காப்பாளன் விரல் நுனியால் தட்டினான். தூரத்தில் காக்கா மணிக்கூட்டைப் பார்ப்பது தெரிந்தது. விசிலை வாயில் வைத்தார். அவர் சப்ரானைப் பார்த்தார். விசில் வாயில் இருந்தபடி இருந்தது, ஊதவில்லை.

ஆட்டம் போனது. சப்ரான் இன்னொரு தரம் போனான், விழுந்தான், எழும்பினான். அந்த நேரம் மருதமுனைப் பொடியன் ஒருத்தன் பந்தைப் பறித்து நீளமாக அடித்தான். சாரத்தை மடித்துக் கட்டிய ஒருத்தன் அதைத் துரத்திக்கொண்டு என்னை நோக்கித் தனியே வந்தான். நான் வலப்பக்கம் பாய்ந்தேன். பந்து இடப்பக்கம் போனது.

அதற்குப் பிறகுதான் காக்காவின் விசில் கேட்டது.

சப்ரான் ஜேர்சியோடே வேனில் ஏறினான். காக்கா கிட்டப் போய் ஸலாம் கொடுத்துக் கையைப் பிடித்தார், விடவில்லை. சாரதி ஹோர்ன் அடித்த பிறகுதான் விட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கட்டாரில் இருந்து சப்ரானின் போன் வந்தது. "மச்சான், ராத்தாட வீடியோ பாத்தியா?"

"பாத்தன். எனக்கும் அனுப்பியிருந்தா."

"விசிலுக்கு விசில் எட்டு நிமிசம் ஓடுது."

"ஓம். கண்டன்."

"ஆருக்கும் காட்டாத. ராத்தாட்டயும் அழிக்கச் சொல்லிட்டன். அந்த மனிசன் ஆருக்கும் ஒரு நிமிசம் கூடக் குடுத்தவரில்ல. எனக்கு ரெண்டு தந்திரிக்காரு" என்றான். சட்டென்று வைத்துவிட்டான். நானும் அழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு காக்கா மைதானத்துக்கு வரவில்லை. கழுத்தில் நாடா மட்டும் கிடந்தது. ஒரு மாதம் போனது. மூட்டித் தைக்கப் புதுச் சாரம் ஒன்றைக் கொண்டு கடைக்குப் போனேன். வாங்கி விரித்தவர், தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அண்டைக்கு எத்தின நிமிசம் போச்சு, மனே?"

"ஆறு, காக்கா."

"என்ட மணிக்கூட்டில எட்டு. எட்டெண்டா அந்தக் கோல் செல்லாது. நான் ஒரு பக்கம் பாத்திட்டன் எண்டு மருதமுனைக்குப் போய்ச் சொல்லோணும். கப்ப வாங்கி வந்து காசு சுண்டோணும். நீதான் கோலுக்க நிண்ட. உனக்குத்தான் நட்டம். உண்மையச் சொல்லு."

கப்பு எங்களுக்கு வர பாதிக்குப் பாதி வழி இருந்தது. நான் விட்ட கோல் இல்லாமல் போகவும் வழி இருந்தது. ஒரு சொல்தான் வேண்டியிருந்தது.

"உங்கட மணிக்கூடு பழசு காக்கா. நான் எண்ணிக்கொண்டு நிண்டன். சரியா ஆறு."

மணிக்கூட்டைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டார். குலுக்கினார். திரும்பக் கேட்டார். பிறகு மிசினை மிதிக்கத் தொடங்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை விசிலோடு மைதானத்துக்கு வந்து, முதல் வேலையாகக் கோல் கம்பத்தை அளந்தார்.

போன வருசம் நோன்புக்கு முதல் மாதம் காக்கா வபாத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. இப்போது அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நான் போய்ச் சேரும் அன்றைக்கு நாடாவோடு வாசலில் நின்று, "எத்தின நிமிசம், மனே?" என்று கேட்பார் என்றும் எனக்குத் தெரியும். அங்கே பொய் சொல்ல ஏலாது என்கிறார்கள். இருக்கட்டும். நான் ஆறு என்றுதான் சொல்வேன்.