செத்தநாக்கு சொல்தாவும் மூன்றாவது இலையும்

புதுச்சேரியைச் சுற்றி எந்த மூலையில் நல்ல சோறு கிடைக்கும் என்று அந்தக் காலத்தில் சரியாகச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு நாக்கில் ருசியே கிடையாது. உப்பை அள்ளிப் போட்டாலும் வெல்லத்தைக் கடித்தாலும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஊரில் அவரைச் செத்தநாக்கு சொல்தா என்பார்கள்.

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பியவர். புதுச்சேரியில் தெருவுக்கு நாலு சொல்தா உண்டு. இவர் சைகோனில் இருந்தவர். அங்கே வந்த ஒரு விஷக்காய்ச்சல் இவர் உயிரை விட்டுவிட்டு ருசியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வேட்டிக்குக் கீழே பட்டாளத்துப் பூட்ஸ், தலையில் பட்டாளத்துத் தொப்பி, நடுவில் சட்டை இல்லை. சாலையில் எப்போதும் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் நடப்பார். கூட நடக்கிற யாருக்கோ இடம் விட்டுப் போவது போல இருக்கும். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் அப்போது ரெட்டியார்பாளையத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டு, விழுப்புரம், கடலூர் என்று திரிந்து, கடைசியில் அங்கே வந்து நின்றிருந்தேன். மூட்டை வந்தால் சோறு, வராவிட்டால் தண்ணீர். ஒருநாள் சாலையோரக் கடையில் நான் சாப்பிடுவதையே ஒருவர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன்ழூர்” என்று பிரெஞ்சில் ஒரு வணக்கம் வைத்தார். “ருசி தெரியுமாடா தம்பி ஒனக்கு?”

“பசி நல்லா தெரியுங்கய்யா.”

“அது போதும். ருசி நான் கத்துக்குடுக்கறேன்.”

செத்த நாக்கு உயிருள்ள நாக்குக்குப் பாடம் சொல்லித்தருவது என்று அன்றைக்கு முடிவாயிற்று. மத்தியான வேளையில் ஊர் எல்லையில் ஏதாவது ஒரு கடைக்கு அழைத்துப் போவார். அவர் செலவில் நான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு, என்ன ருசி என்று சொல்ல வேண்டும். இதைவிட நல்ல உத்தியோகம் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

எதற்காக இந்த அலைச்சல் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் சைகோனில் இருந்தபோது இங்கே அவர் மனைவி அஞ்சலை எல்லைச் சாவடி ஒன்றின் பக்கத்தில் சோத்துக்கடை போட்டிருக்கிறாள். ஊர் வெள்ளைக்காரன் கையில் இருந்த காலம். சுங்கம் கட்ட நிற்கிற வண்டிக்காரர்கள் எல்லாரும் அவள் கடையில்தான் சாப்பிட்டார்களாம். பிறகு ஒரு புயலில் கடையும் போயிற்று, அவளும் போனாள். உடல் கிடைக்கவில்லை. சொல்தா திரும்பி வந்தபோது ஊர் கை மாறி, சாவடிகளையும் எடுத்துவிட்டார்கள். எந்தச் சாவடி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். புதுச்சேரிக்கு எல்லை ஒன்றா இரண்டா? வயல் நடுவில் வரப்பு தாண்டினால் வேறு நாடு, அடுத்த வரப்பு தாண்டினால் மறுபடியும் பழைய நாடு.

“ஆளு போயிருப்பா. அவ கைமணம் எங்கடா போவும்? இந்த எல்லையில எவ கையிலயாவது ஏறித்தான் கெடக்கும்” என்றார், தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது என்று சொல்வதுபோல.

பிரான்சில் இருந்த மகள் வந்துவிடும்படி அழைத்துக்கொண்டிருந்தாள். பேரனை அவர் பார்த்ததே இல்லை. அடுத்த கப்பலில் அவருக்கு இடமும் போட்டாயிற்று.

“அவ எங்க இருக்கான்னு தெரியாம நான் எப்டிடா கப்பல் ஏறுறது? அவ என்னத் தேடிக்கினு வந்து நின்னா யாரு பதில் சொல்றது?”

கடை கண்டுபிடிக்க அவர் பெயர்ப்பலகையைப் பார்க்கமாட்டார், மாட்டைத்தான் பார்ப்பார். வண்டிக்காரன் தூங்கிக்கொண்டிருக்கும்போது மாடு எந்த மரத்தடியில் தானாக நிற்கிறதோ, அதற்குப் பின்னால் நல்ல சோறு இருக்கும் என்பது அவர் கணக்கு. ஒருமுறை அப்படி ஒரு மாட்டை நம்பிப் போனால் பின்னால் சாராயக்கடை இருந்தது. “மாட்டு மேல தப்பு இல்ல. வண்டிக்காரன் அப்டி பழக்கியிருக்கான்” என்று மாட்டுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு நடந்தார்.

கடையில் உட்கார்ந்ததும் விசாரணை ஆரம்பமாகும். மற்ற பதார்த்தங்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, மீன்குழம்பு மட்டும்தான்.

“கசக்குதா?”

“கசக்குதுங்கய்யா.”

“முன்னாலயா, பின்னாலயா?”

“வாயில வச்சதும் கசக்குது.”

“அப்ப அவ இல்ல. அலே, ஏந்திரு.”

அஞ்சலைக்கு வெந்தயத்தை ஒரு கண், அதாவது ஒரு துளி கூடுதலாக, கருகவிடுகிற பழக்கம் உண்டாம். அவள் குழம்பு வாயில் இருக்கும்போது கசக்காது. விழுங்கியபிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு எழுந்திருக்கும். அதன்மேல் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கும். கல்யாணமான புதிதில் இதற்காக அவளைத் திட்டினாராம். சைகோனில் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது அவர் நாக்கு கேட்டது அந்தக் கசப்பைத்தானாம்.

இதெல்லாம் எனக்குச் சரிதான். சரிப்படாதது இலை விஷயம்.

ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடிக் கடை. உட்கார்ந்தது நாங்கள் இரண்டு பேர். கடைக்காரர் மூன்று இலை போட்டார்.

“ரெண்டு பேருதாங்க” என்றேன்.

“கூட வந்த அம்மா கை கழுவப் போயிருக்காங்களே, வரட்டும்.”

திரும்பிப் பார்த்தேன். கொல்லையில் தண்ணீர்த்தொட்டி இருந்தது. தொட்டிமேல் உச்சிவெயில் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

சொல்தா அசையவில்லை. “வச்சுட்டுப் போப்பா, மெர்சி” என்றார். மூன்றாவது இலையில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, ஒரு வஞ்சிரத் துண்டும் விழுந்தது. யாரும் வரவில்லை. என் முதுகில் மயிர் குத்திட்டு நின்றது. ஆனாலும் கண் அந்த மீனைவிட்டு நகரவில்லை.

“சாப்புடுடா. அவ யாரையும் பட்டினி போட்டவ இல்ல.”

பயம் பயமாகவே இருந்தது, பசியும் பசியாகவே இருந்தது. இலையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் இதே கதைதான். கேட்காமலே மூன்று இலை விழும். ஒரு கடையில் பரிமாறுகிற பெண் என் காதருகே குனிந்து, “மழையே இல்ல, அந்த அக்கா பொடவ மட்டும் ஏன் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு?” என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு இரண்டு வாய் இறங்கவில்லை. மூன்றாவது வாயிலிருந்து இறங்கிவிட்டது. லாரிக்கூடத்தில், “மூட்ட தூக்கறவன் எங்கயாவது பெருப்பானா? என்னாடா திங்கற?” என்று கேட்டார்கள். பேய்ச் சோறு என்று சொன்னால் பங்குக்கு வந்துவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கப்பல் நாள் நெருங்கியது. விழுப்புரம் சாலை முழுக்கத் தேடி முடித்தாயிற்று, கடலூர் சாலையும் முடிந்தது. முன்னால் கசந்தது, நடுவில் கசந்தது, கசக்காமலே இருந்தது. பின்னால் கசந்தது ஒன்றும் இல்லை. சொல்தா பேச்சைக் குறைத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது வடக்கு எல்லை, கனகசெட்டிக்குளம். அங்கே மணலையும் சவுக்கையும் தவிர ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

“மணலையாவது பாத்துட்டு வரலாம், வா. இதுலயும் இல்லன்னா நான் கப்பல் ஏறல. பொண்ணு அழுதா அழுவட்டும்.”

பஸ்ஸைவிட்டு இறங்கியபோது உச்சிப்பொழுது. மீன்பிடிக்கிற ஊர், ஆனாலும் மனித நடமாட்டம் இல்லை. சவுக்குத்தோப்பில் காற்று மட்டும் யாரோ மூச்சுவிடுவதுபோல வந்து போனது. ஒரு வண்டி இல்லை, வழிகாட்ட ஒரு மாடு இல்லை. சொல்தா கொஞ்சநேரம் நின்றார். பிறகு நடந்தார். அன்றைக்கு அவர் ஒதுங்கி நடக்கவில்லை, பாதையின் நடுவிலேயே நடந்தார்.

“என்னாங்கய்யா, வழி தெரியுமா?”

“அவ முன்னாலயே போய்ட்டாடா” என்றார்.

தோப்புக்குப் பின்னால் ஒரு கீற்றுக்கொட்டகை இருந்தது. தட்டி மறைப்புக்கு உள்ளே அடுப்பு, வெளியே இரண்டு பலகை. செம்படவப் பெண் ஒருத்தி வந்து இலை போட்டாள். இரண்டு இலை.

எனக்குப் பழக்கதோஷம். “மூணாவது எல போடலியா?” என்று கேட்டுவிட்டேன்.

“ரெண்டு பேருக்கு எதுக்குப்பா மூணு எல?”

சொல்தாவின் முகம் மாறியது. தட்டியைப் பார்த்தார். “கேக்காதடா. அவ உள்ள இருக்கா” என்றார் மெதுவாக.

குழம்பு வந்தது. பிசைந்து ஒரு வாய் வைத்தேன். புளி, காரம், மீன், எல்லாம் இருந்தது. கசப்பு இல்லை. சொல்தா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினேன். எங்கிருந்தோ அடிநாக்கில் அது எழுந்து வந்தது. சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

“என்னாடா?”

“பின்னாலதாங்கய்யா. தண்ணி இனிக்குது.”

அந்தப் பெண் பதறிப்போனாள். “கசக்குதுங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. வெந்தயத்த எறக்கலாம்னு கைய நீட்டுனா யாரோ புடிச்சுக்கற மாதிரி கீது. ஒரு கண்ணு கருவுனப்புறம்தான் கை வருது. எங்கூட்டுக்காரரு தெனமும் திட்றாரு.”

“திட்ட வேணாம்னு சொல்லும்மா” என்றார் சொல்தா. “அந்த அடுப்பு நீ போட்டதா?”

“இல்லீங்க. நாங்க வர்றப்பவே மணலுக்குள்ள பொதஞ்சு கெடந்துது. நான் தோண்டி மெழுவுனேன், அவ்ளோதான்.”

சொல்தா எச்சில் கையோடு எழுந்தார். தொப்பியை இடது கையால் கழற்றினார். தட்டியின் முன்னால் போய் நின்று, “அஞ்சல, பொண்ணு கூப்புடுது. நான் போவட்டா?” என்றார்.

உள்ளே சட்டியின் விளிம்பில் கரண்டி ஒருமுறை தட்டியது.

அந்தப் பெண் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். “பூனையா இருக்கும்” என்றாள்.

“பூனைதான்” என்றேன் நான், அவள் முடிப்பதற்குள்.

சொல்தா திரும்பிவந்து உட்கார்ந்தார். “சரின்னுட்டா. அவ எப்பவுமே அதிகம் பேசமாட்டா” என்றார். பிறகு, நான் அறிந்து முதல் தடவையாக, இன்னொரு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கப்பல் நாளும் வந்தது. கப்பல் கரையைவிட்டுத் தள்ளி ஆழக்கடலில் நின்றது. கரையிலிருந்து படகில்தான் போக வேண்டும். அன்று காலையிலேயே அவர் எங்கேயோ போய்விட்டு வந்திருந்தார். பூட்ஸெல்லாம் மணல்.

“அங்க போனா யாருங்கய்யா ஒங்களுக்கு ருசி சொல்லுவாங்க?” என்று கேட்டேன்.

“பேரன் இருக்கான். ஆனா வெண்ணெ தின்னு வளந்த நாக்கு. அதுக்கு என்னாடா தெரியும், கசப்பு முன்னாலயா பின்னாலயான்னு?” என்று சிரித்தார். பிறகு இலையில் கட்டிய ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. பிரிக்காமலே மீன்குழம்பு வாசனை வந்தது.

“கப்பல்ல நீங்க சாப்புடலாமேங்கய்யா.”

“எனக்கு அதுவும் ஒண்ணு, மண்ணும் ஒண்ணு. நீ சாப்புடு. ஆறிடப்போவுது.”

படகு அலையில் ஏறி இறங்கிப் போனது. தொப்பி தெரிந்தவரை பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். வீட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு, மடியில் சோறு இருந்தும் எனக்குப் பசிக்காமல் போனது அன்று ஒருநாள்தான்.