மே நாலாந்தேதி சைஸ்

"சார், மே நாலாந்தேதி சைஸ்ல சட்டை வெட்டச் சொல்லியிருக்கீங்களே, அது எவ்வளவு பெரிய புள்ளைக்கு சார்?"

கட்டிங் மாஸ்டர் கேலி பேசுகிற ஆள் இல்லை. கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது சிரிக்கக்கூட மாட்டார். அதனால் போனின் இந்தப் பக்கம் இருந்த ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் பதறிப்போய்க் கேட்டார்.

"மாஸ்டர், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. உங்க ஷீட்டுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு. அதுக்குக் கீழ ஜூலை ஆறு, அதுக்கும் கீழ செப்டம்பர் எட்டு. துணியை விரிச்சு வச்சுட்டு காலண்டரையா பார்க்கிறது?"

சூப்பர்வைசர் கம்ப்யூட்டரில் ஷீட்டைத் திறந்து பார்த்தார். மாஸ்டர் சொன்னது நிஜம்தான். அந்தக் கம்பெனி தைப்பது குழந்தைகள் உடை. நாலு வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு 4-5 என்பது சைஸ். முந்தின நாள் அவர் ஒற்றை விரலால் அடித்ததும் அதுதான். ஆனால் கம்ப்யூட்டர், 'பாவம், ஏதோ தேதியை அடிக்கத் தெரியாமல் அடிக்கிறார்' என்று தானாக முடிவு செய்து, 4-5ஐ மே நாலு ஆக்கிவிட்டிருந்தது. 14-15 சைஸ் மட்டும் தப்பித்திருந்தது. பதினைந்தாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அதைக் கம்ப்யூட்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்த ஷீட் வேலை புதிது. அதுவரை எல்லாம் காகிதத்தில்தான் நடந்தது. தலைமை அலுவலகம் ஒரு லிங்கை அனுப்பி, இனி ஆர்டரெல்லாம் இதிலேதான், அவரவர் இடத்திலிருந்தே எல்லாரும் இதைத் திறக்கலாம், திருத்தலாம் என்று சொல்லிவிட்டது. மேனேஜர் அம்மா அவரைக் கூப்பிட்டுப் பேசியதில் மூடுமந்திரம் எதுவும் இல்லை.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஷீட் சுத்தமா கட்டிங்குக்குப் போகணும். உங்களால முடியலேன்னா சொல்லிடுங்க, இந்த வேலையை ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கே மாத்திடறேன்."

ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. வீட்டில் மின்விசிறி நின்றால் அவன்தான் ஓட வைப்பான். போன் செத்தால் அவன்தான் உயிர் கொடுப்பான். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டிக்கொண்டே, "இவ்ளோதான் மாமா, ரொம்ப சிம்பிள்" என்று சொல்வானே, அதைத்தான் பொறுக்க முடியாது. வீட்டில் சும்மா விட்டுக் கொடுத்தாயிற்று. சம்பளம் வாங்கும் இடத்திலும் அவனிடம் தோற்றால், அப்புறம் மாமனார் வீட்டில் எந்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

"முடியும் மேடம்" என்றார் சூப்பர்வைசர். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதில் அது கொஞ்சம் மிரட்டல் போலவே கேட்டது.

மே நாலை அழித்துவிட்டு மறுபடி 4-5 என்று அடித்தார். மே நாலு வந்து உட்கார்ந்தது. விசையை ஓங்கிக் குத்தி அடித்தார். கம்ப்யூட்டருக்கு வலித்ததாகத் தெரியவில்லை. அதே மே நாலு.

மேலே ஃபார்மேட் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் நம்பர், டேட், டெக்ஸ்ட் என்று என்னென்னவோ இருந்தன. நாலும் ஐந்தும் நம்பர்தானே என்று நினைத்து, அந்த வரிசை முழுவதையும் நம்பர் ஆக்கினார். தேதிகள் மாயமாய் மறைந்தன. அவர் நிமிர்ந்து உட்கார்வதற்குள் போன் அடித்தது.

"சார், இப்ப நாப்பத்தஞ்சாயிரத்துச் சொச்சம்னு காட்டுது. நாப்பத்தஞ்சாயிரம் வயசுல எந்தப் புள்ளைக்குச் சட்டை?"

விஷயம் என்னவென்றால், கம்ப்யூட்டருக்குத் தேதி என்பதே ஒரு நம்பர்தான். நூறு வருஷத்துக்கும் முன்னால் ஏதோ ஒரு நாளில் ஒன்று என்று தொடங்கி, அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் எண்ணிக்கொண்டே வருகிறது. மே நாலை நம்பராகக் காட்டு என்றால் அந்தக் கணக்கைத் தூக்கிக் காட்டிவிடும். இது சூப்பர்வைசருக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், மாஸ்டரின் குரலில் முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது என்பதுதான்.

"வைங்க மாஸ்டர். பத்து நிமிஷம்."

அடுத்தது டெக்ஸ்ட். எழுத்து என்று சொல்லிவிட்டால் அடித்ததை அடித்தபடியே வைத்துக்கொள்ளும் என்று உதவிக் குறிப்பில் போட்டிருந்தது. இவ்வளவு நல்ல பிள்ளை இங்கேயே இருக்க, எங்கெங்கோ அலைந்தோமே என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தில் முழு ஷீட்டையும் டெக்ஸ்ட் ஆக்கி, சைஸ், மாடல், எண்ணிக்கை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி அடித்தார். 4-5 என்றால் 4-5. பார்க்கவே கண் குளிர்ந்தது.

"சைஸ் சரியா இருக்கு சார்" என்றார் மாஸ்டர். "ஆனா மொத்தம் எத்தனை சட்டைன்னு கீழ பூஜ்யம் காட்டுது. ஒண்ணும் வெட்ட வேண்டாம்னா, நான் வீட்டுக்குக் கிளம்பட்டுமா?"

எண்ணிக்கையையும் எழுத்து என்று சொன்னதால், எழுத்தை எப்படிக் கூட்டுவது என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டிருந்தது.

அப்போது மனைவி போன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பாடா! இங்க நான் இருக்கிற இருப்புல…" என்று ஆரம்பித்து, மே நாலிலிருந்து பூஜ்யம் வரை மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார்.

"ஏங்க, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அவன்கிட்டயா? இந்த வேலையே போனாலும் கேட்க மாட்டேன். இதை நான்தான் முடிப்பேன், நான் மட்டும்தான் முடிப்பேன். நீ பேசாம இரு."

"சரிங்க, நான் ஒண்ணும் சொல்லல. முதல்ல சாப்பிடுங்க" என்று அவள் வழக்கத்துக்கு மாறாக உடனே போனை வைத்துவிட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். இரண்டாவது வாய்க்கு விஷயம் பிடிபட்டது. ஸ்டோர்ஸில் துணிக்கு ஓர் அலமாரி, பட்டனுக்கு ஓர் அலமாரி. எல்லாவற்றையும் ஒன்றில் போட்டு அமுக்குவோமா? அப்படித்தான் இதுவும். சைஸ் எழுத்து. மாடல் எண்ணும் எழுத்து, இல்லாவிட்டால் 0047இல் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை வெட்டிச் செலவு என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடும். எண்ணிக்கை நம்பர். அனுப்ப வேண்டிய நாள் தேதி. ஒவ்வொரு வரிசையிடமும் நீ இன்னார் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

எல்லாம் பிரமாதமாக வந்தது. சைஸ் சைஸாக நின்றது, மொத்தம் மொத்தமாகக் கூடியது. மேனேஜர் அம்மாவிடம் சொல்லப் பறந்தார். அவர் தம் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதுல மே நாலுன்னு போட்டிருக்கே?"

ஓடி வந்து பார்த்தார். மே நாலு, ஜூலை ஆறு, செப்டம்பர் எட்டு. காலையில் இருந்த அதே அலங்கோலம், ஒரு புள்ளி மாறாமல். சூப்பர்வைசருக்கு அழுகையே வந்தது. ஆனால் அழுதால் எழுத்து தெரியாது என்பதால் அடக்கிக்கொண்டார்.

மறுபடி வரிசை வரிசையாகச் சரி செய்தார். தண்ணீர் குடிக்கப் போய் வந்தார். மே நாலு!

மறுபடி செய்தார். இந்தத் தடவை நாற்காலியை விட்டு எழவே இல்லை. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தபோதே 0047இன் பூஜ்யங்கள் மறைந்து வெறும் 47 ஆனது. போன் அடித்தது.

"சார், நாப்பத்தேழாம் நம்பர் மாடல் பதினஞ்சு வயசுப் பசங்க பைஜாமா. அதை நாலு வயசுப் புள்ளைக்கா போடறாங்க?"

"மாஸ்டர், கத்தரிக்கோலைக் கீழ வைங்க. நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

கதவைச் சாத்தினார். சட்டைக் கையை மடித்துவிட்டார். "நீயா நானா பார்த்துடலாம்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அவர் பூஜ்யம் போட்டால் அது எடுத்தது. அவர் எழுத்து என்றால் அது நம்பர் என்றது. டீ வந்து ஆறிப் போனது. ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்தவர் எந்த நேரத்தில் பத்து விரலுக்கு மாறினார் என்று அவருக்கே தெரியாது. வாழ்க்கையில் எதற்கும் இப்படி அடம்பிடித்ததில்லை. கல்யாணத்துக்கு அப்புறமாவது சத்தியமாக இல்லை.

வேலை முடியும் நேரத்துக்குச் சற்று முன்னால், மறுபடியும் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டு, சண்டைக்குத் தயாராக விரல்களை விசைகளின் மேல் வைத்துக் காத்திருந்தார். ஒன்றும் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். 4-5 அசையாமல் நின்றது. பூஜ்யங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கம்ப்யூட்டர் தோற்றுவிட்டது!

"வெட்ட ஆரம்பிச்சுட்டேன் சார்" என்றார் மாஸ்டர். "எல்லாம் கச்சிதமா இருக்கு."

மேனேஜர் அம்மா மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "ஹெட் ஆபீஸெல்லாம் எதுக்கு? இனிமே இது உங்க பொறுப்புதான்."

வெளியே தெருவில் கால் வைத்ததுமே மனைவிக்குப் போன் போட்டார். 

"முடிச்சுட்டேன்! யாரோட தயவும் இல்லாம, நான் ஒருத்தனே உட்கார்ந்து முடிச்சுட்டேன். உன் தம்பிகிட்ட சொல்லு, இதெல்லாம் ரொம்ப சிம்பிள்னு."



"அதெப்படிங்க? 'அக்கா, நீ கெஞ்சினியேன்னு மத்தியானத்துலேருந்து மாமாவுக்குத் தெரியாம அந்த ஷீட்டைச் சரி பண்றேன், ஒவ்வொரு தடவையும் காலையில இருந்த பழைய ஷீட்டையே திரும்ப எடுத்து வச்சு நான் சரி பண்ணப் பண்ண எவனோ ஒரு படுபாவி நடுவுல கை வச்சுக் கெடுத்துக்கிட்டே இருக்கான், என்னால ஆகாது, நான் வீட்டுக்குக் கிளம்பறேன்'னு தம்பி இப்பத்தானே அழாத குறையா சொல்லிட்டு வச்சான்!"