மானியம் வந்த மாடி

சூரியனை என் மொட்டை மாடியில் கால் வைக்க விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். காரணம் என் மனைவி. ஆகாயத்தில் இருக்கிற சூரியன் அவளுக்குப் போதவில்லை. அதை மாடியில் இறக்கி மின்சாரம் எடுக்க வேண்டுமாம். அதற்கு மானியம் வேறு உண்டாம்.

"செலவுல பாதிய அரசாங்கமே குடுத்துடுதுங்க."

"அரசாங்கம் யாருக்காவது சும்மா பணம் குடுக்குமா?"

"உங்களுக்கு மாசாமாசம் குடுக்குதே!"

நான் அரசாங்க ஊழியன் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

மாடியில் எனக்கென்று ஒரு தகரக் கொட்டகை இருந்தது. இந்த வீட்டில் நான் குரலை உயர்த்திப் பேசக்கூடிய ஒரே இடம் அதுதான். சாயங்காலமானால் நானும் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரும் அங்கே சீட்டாடுவோம். சூரியத் தகடுகள் வந்தால் கொட்டகை போய்விடும். அப்புறம் நான் எங்கே போவேன்?

வேண்டாம் என்று நேராகச் சொன்னால் எடுபடாது. அது அனுபவம். ஆகவே மானிய விதிகளைக் கரைத்துக் குடித்தேன். மாட்டிக்கொண்டது ஒரு விதி. நிழல் விழுகிற மாடிக்கு மானியம் கிடையாது!

டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் சார்! நிழலைக் கெட்டியா பிடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க."

பிடித்துக்கொண்டேன். காபி குடிக்கும்போது நிழல், சாப்பிடும்போது நிழல். "நம்ம மாடி பூரா நிழல். மானியம் வராது. உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"அப்படியாங்க?" என்று கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். என் பேச்சை அவள் இவ்வளவு அடக்கமாகக் கேட்டதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தகடு மாட்டுகிறவர் டேப்போடு வந்து மாடியை அளந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நிழல் விழுதா?"

"விழுது சார்."

"விழுந்தா மானியம் உண்டா?"

"கிடையாது சார்."

மனைவியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

"எதோட நிழல்ங்க அது?" என்றாள் அவள்.

அவர் கொட்டகையைக் காட்டினார்.

"அப்ப எடுத்துட வேண்டியதுதான். வீட்டுக்காரரே நிழல் ஆகாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

கடப்பாரையோடு இரண்டு பேர் காலையிலிருந்தே கீழே காபி குடித்துக்கொண்டிருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கொட்டகை வெறும் தகரக் குவியலாகிவிட்டது. சுவருக்கு மேலே தெரிந்த டாக்டரின் தலை மெல்ல உள்ளே போனது.

தகடுகள் வந்தன. பின்னாலேயே மானியமும் வந்தது. ஆளுயரத்துக்கு மேலே இரும்புச் சட்டம் நிறுத்தி, அதன் உச்சியில் தகடுகளை மாட்டினார்கள். அடியில் ஒரு கல்யாணமே நடத்தலாம், அவ்வளவு இடம். என் மனைவியும் அவள் தோழிகளும் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. தகடு மாட்டியவரைத் தனியாக ஓரங்கட்டினேன்.

"ஏம்ப்பா, இவ்வளவு உசரத்துல மாட்ட முடியும்னா, கொட்டகை பாட்டுக்கு அடியிலயே இருந்திருக்கலாமே?"

"தாராளமா இருந்திருக்கலாம் சார். மேடம்கிட்ட முதல் நாளே சொன்னேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"'அவரு கஷ்டப்பட்டு விதியெல்லாம் படிச்சு வெச்சிருக்காரு, அவர் மனசு நோகக்கூடாது'ன்னாங்க சார்."