நாலும் நாலும் ரெண்டு

தேனியிலேயே வந்த வாடிக்கையாளரைத் திட்டித் துரத்துவதற்கென்று கடை வைத்திருந்த ஒரே மனிதர் ஓம் அண்ணன்தான். பெரியகுளம் சாலையில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தது அவருடைய கார் ஆடியோ கடை. ஸ்பீக்கர்களின் மின்தடையை மீட்டரில் அளந்தபடி நாள் முழுக்க "நாலு ஓம்... எட்டு ஓம்..." என்று முணுமுணுப்பார். யாரோ சாமியார் என்று கும்பிட வந்தவர்கள், கழுத்தில் சிலுவையோடு கிடந்த ஜெபமாலையைப் பார்த்துக் குழம்பிப் போனதுண்டு.

வீரபாண்டித் திருவிழா நெருங்கிய சமயம், டாக்சி ஓட்டும் செல்வம் தலா நாலு ஓம் சப்வூஃபர் ஸ்பீக்கர் இரண்டும் ஒரு ஆம்ப்ளிஃபயருமாக வந்தான்.

"அண்ணே, ரெண்டையும் இந்த ஒரே ஆம்ப்ல கோத்து விடுங்க. காரு அதிரணும்."

"இந்த ஆம்ப் நாலு ஓமுக்குக் கீழ தாங்காதுலே. நாலும் நாலும் பாரலலாக் கோத்தா எம்புட்டு?"

"எட்டு."

"ரெண்டு! கரண்ட கண்டபடி இழுக்கும், வயரு கொதிச்சிரும். சீரீஸ்ல கோத்தாத்தான் எட்டு. சத்தம் கொறையும், ஆளு பொழைச்சுக்கிருவ. பேட்டரிகிட்ட ஃபியூஸும் போடணும்."

செல்வம் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நாலும் நாலும் ரெண்டுங்கிற ஆளுகிட்டயா காரக் குடுக்கச் சொல்றீக?"

"போலே முட்டாப்பயலே! இங்கன நிக்காத!"

வேறெங்கோ போய் பாரலலாகவே கோத்துக்கொண்டான். ஒல்லி வயர், ஃபியூஸும் கிடையாது. தேவதானப்பட்டி அருகே வயர் உருகிக் கார் பற்றிக்கொண்டது. கூட வந்த மனைவியை வெளியே தள்ளிவிட்டவன், தான் வெந்துபோனான்.

ஆஸ்பத்திரியில் கட்டிலருகே அண்ணன் போய் நின்றார். செல்வம் முனகினான்: "ரெண்டுதாண்ணே... நீங்க சொன்னது சரிதான்."

மூன்றாம் நாள் இறந்துபோனான்.

"வஞ்சு வெரட்டிட்டேனேப்பா. ஒரு ஃபியூஸ கையில குடுத்தாச்சும் அனுப்பியிருக்கலாம்ல" என்று அண்ணன் என்னிடம் அழுதார்.

அதன்பிறகு, சாலையில் எந்தக் கார் அதிர்ந்து போனாலும் பின்னாலேயே ஓட ஆரம்பித்தார். மறித்து, பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஃபியூஸ் இல்லையென்றால் அங்கேயே மாட்டிவிடுவார். ஒருமுறை கல்யாணக் காரையே மறித்துவிட்டார். மாலையோடு மணமக்கள் வெயிலில் நிற்க, பெண்ணின் தகப்பனார் இவரை ஓங்கி அறைந்தார்.

"அடிச்சிட்டீகல்ல? ரெண்டு நிமிசம் பொறுங்க, இந்தா முடிஞ்சிருச்சு" என்று வேலையை முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

என் காரில் ரேடியோகூடக் கிடையாது. ஆனாலும் வெளியூர் கிளம்பும்போதெல்லாம் அவர் கடை முன்னால் நிறுத்தி, பானெட்டை நானே திறந்துவிடுகிறேன். அவர் குனிந்து பார்த்து, "சரி, பையப் போயிட்டு வா" என்று சொல்லாமல் வண்டியை எடுக்க எனக்கு மனசு வருவதில்லை.